யார் கேட்ட கேள்வி? தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத்தில் அறிவியல் ஆலோசனை

பொதுச் சுகாதாரத்தில் அரசுக்கு அறிவியல் எப்படி ஆலோசனை சொல்கிறது என்று ஆராய்வது இன்று தனித் துறையாகிவிட்டது. முனைவர் பட்டம் முடித்து இதில் நுழையும் இளம் ஆய்வாளர் முதலில் படிப்பது வெளிநாட்டு அனுபவங்களைத்தான். கல்கத்தாவில் பிறந்து ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் ஷீலா ஜாசனாஃப், அமெரிக்காவின் நிபுணர் குழுக்களைப் பற்றி 1990-இல் எழுதிய நூலில் அவற்றை அரசின் ஐந்தாவது அங்கம் என்றார். நிபுணர் ஒரே வழிக்காக வாதாடுவது ஒன்று, எல்லா வழிகளையும் விரித்துக் காட்டிவிட்டுத் தேர்வை ஆள்பவரிடம் விடுவது வேறொன்று என்று 2007-இல் பிரித்துக் காட்டினார் ரோஜர் பீல்கே. இந்தியாவில் அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் பதவி 1999-இல் வந்தது. முதலில் அமர்ந்தவர் அப்துல் கலாம், அடுத்தவர் ஆர். சிதம்பரம். இருவரும் தமிழர்கள், ஒருவர் ஏவுகணைக்காரர், மற்றவர் அணுக்காரர். உயிரியலாளர் ஒருவர், கே. விஜயராகவன், அந்த நாற்காலிக்கு வர 2018 ஆயிற்று.

இந்த நூல்கள் பெரும்பாலும் நிபுணர் எப்படிப் பேச வேண்டும் என்று கேட்கின்றன. தமிழ்நாட்டின் எழுபது ஆண்டு அனுபவத்தைப் புரட்டினால் அதற்கு முந்தைய ஒரு விஷயம் பெரிதாகத் தெரிகிறது: கேள்வியை யார் கேட்டார்கள், பதிலைச் செயல்படுத்த வேண்டியவர் கேட்கும்போதே கூட இருந்தாரா என்பது.

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேர் அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு என நான்கு தரப்பும் சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் முன்னின்றார். அந்தக் காலத்தில் காசநோய் வைத்தியம் என்றால் சானடோரியம்தான்: காற்றோட்டமான இடம், முழு ஓய்வு, பால், முட்டை. தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள்; படுக்கைகளோ அவர்களில் மிகச் சிறு பகுதிக்கே போதுமானவை. ஐசோனியசிட் போன்ற மருந்துகள் வந்துவிட்ட நிலையில், வீட்டிலேயே வைத்துக் கொடுத்தால் குணமாகுமா, வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குத் தொற்றுமா என்பதுதான் அரசின் கவலை.

193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினரைச் சானடோரியத்துக்கும் மறு பாதியினரை வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. வீட்டிலிருந்தவர்கள் சென்னையின் ஏழைத் தெருக்களில், நெருக்கடியான அறைகளில் வாழ்ந்தவர்கள். குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிகம் உழைத்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது: குணமானவர்களின் அளவில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தும் தெரியவில்லை. 1962-இல் உருவான தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடித்தளமாகக் கொண்டது. உலகெங்கும் சானடோரியங்கள் காலியாக இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

ஆய்வின் நேர்த்தி மட்டும் இதைச் சாதித்துவிடவில்லை என்பது என் கணிப்பு. “படுக்கை போதவில்லை, என்ன செய்வது?” என்ற கேள்வி சுகாதாரத் துறையின் தலையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. எந்தப் பதில் வந்தாலும் அதைக் கையில் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. சென்னை மாகாணம் இந்த விஷயத்தில் கொஞ்சம் கொடுத்துவைத்த இடம். பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்ககம், தனிப் பயிற்சி பெற்ற அதிகாரிகள், 1939-லேயே ஒரு பொதுச் சுகாதாரச் சட்டம் எல்லாம் இங்கு இருந்தன. பல மாநிலங்களில் மருத்துவமனை நிர்வாகமும் நோய்த் தடுப்பும் ஒரே துறைக்குள் போட்டி போட்டு, தடுப்பு தோற்றுப்போன கதைதான் நடந்தது.

இதே காசநோயில் நேர் எதிரான கதையும் உண்டு. பி.சி.ஜி தடுப்பூசியை நாடெங்கும் போடும் இயக்கம் நடந்துகொண்டிருந்தபோது, முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியிருந்த ராஜாஜி 1955-இல் அதை வெளிப்படையாக எதிர்த்தார். ஏன் எதிர்க்கிறேன் என்று தனிப் பிரசுரமே எழுதினார். நலமாக இருக்கும் குழந்தைகளின் உடலில், பயன் நிரூபிக்கப்படாத ஒன்றைக் கூட்டங்கூட்டமாக ஏற்றலாமா என்பது அவர் வாதத்தின் சாரம். மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌரும் வல்லுநர்களும் இதை அறியாமை என்றே எடுத்துக்கொண்டார்கள். பின்னர் 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி சோதனை தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று 1979-இல் முதல் அறிக்கை சொன்னது. பதினைந்து ஆண்டுத் தொடர்கண்காணிப்பும் அதையே உறுதி செய்தது.

ராஜாஜி அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1972-இல் காலமானார். அவர் ஜெயித்துவிட்டார் என்று சொல்லவும் முடியாது. தடுப்பூசி கேடு செய்யும் என்ற அவருடைய அச்சத்துக்கு அந்தச் சோதனை ஆதரவு தரவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வகைகளை அது தடுக்கிறது என்பதால் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி இன்றும் தொடர்கிறது. ஆனால் அவர் கேட்ட “நிரூபணம் எங்கே?” என்பது நியாயமான கேள்வி. அதைக் கேட்டவர் மருத்துவர் அல்லர் என்பதால் பதில் தேடப் புறப்பட பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. நிபுணர் குழுக்களை ஆராய்பவர்கள் பாமரரின் எதிர்ப்பைத் தவறான தகவல் என்ற ஒரே பெட்டிக்குள் போடும் வழக்கம் இப்போதும் இருக்கிறது. செங்கல்பட்டை ஒருமுறை நினைத்துக்கொண்டால் கை தயங்கும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் இன்னொரு வகை. 1980-களில் அவரும் குழுவினரும் அன்றைய வடஆற்காடு மாவட்டத்துக்கென ஒரு நோய்க் கண்காணிப்பு முறையை உருவாக்கினார்கள். அரசு, தனியார் என்று பார்க்காமல் மருத்துவர்கள் தாங்கள் கண்ட முக்கியமான தொற்றுநோய்களை அஞ்சலட்டையில் எழுதிப் போட வேண்டும். வந்தவற்றைத் தொகுத்து மாதம் ஒரு செய்தியிதழாக அவர்களுக்கே திருப்பி அனுப்புவார்கள். கணினி இல்லை, பெரிய செலவு இல்லை. போலியோவில் ஜேக்கப் ஜான் சொன்ன யோசனைக்கு நேர்ந்தது வேறு. வாய்வழிச் சொட்டு மருந்து நம் குழந்தைகளுக்கு மூன்று தவணையில் போதிய பாதுகாப்புத் தருவதில்லை, ஊசி மருந்தையும் சேர்க்க வேண்டும் என்று அவர் தசாப்தக் கணக்கில் எழுதினார். ஊசி மருந்து தேசியத் திட்டத்தில் சேர்ந்தது 2015 நவம்பரில். தரவு அவரிடம் இருந்தது. கேள்வி டெல்லியுடையதாகவும் ஜெனீவாவுடையதாகவும் இருந்தது.

இந்தத் துறைக்கு வரும் இளையவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது செல்லப்பன் நிர்மலாவின் கதை. 1985-86-இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி. ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடியபோது, எச்.ஐ.வி இங்கே இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் பேராசிரியர் சுனிதி சாலமன். எய்ட்ஸ் என்பது மேற்கத்திய நாடுகளின் நோய், நம் பண்பாட்டில் வராது என்று பத்திரிகைகளும் பெரியவர்களும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். நிர்மலா தயங்கினார், ஆனாலும் இறங்கினார். அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். சென்னையில் பரிசோதனை வசதி இல்லாததால், 1986 பிப்ரவரியில் கணவனும் மனைவியுமாக மாதிரிகளை எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடிக்குப் போனார்கள். வேலூரில் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் ஆறு மாதிரிகள் நிறம் மாறின. அமெரிக்காவிலும் சோதித்து உறுதிசெய்தபின், சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அவ்வாண்டு மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு மாணவியின் ஆய்வேடு முடிவதற்கு முன்பே அரசின் கொள்கையைத் திருப்பியது. ஆய்வேட்டை அவர் 1987 மார்ச்சில்தான் சமர்ப்பித்தார்.

பிறகு? அவர் கிண்டி கிங் நிறுவனத்தில் தடுப்பூசித் தயாரிப்பு வேலைக்குப் போனார். பிபிசி அவரைத் தேடிப்போய் எழுதியது 2016-இல். எழுதப்பட்ட வரலாற்றில் சுனிதி சாலமனின் பெயர் நின்றது. அதுவும் நியாயமே, அவர் பின்னர் சென்னையில் தொண்டு நிறுவனம் தொடங்கி வாழ்நாளெல்லாம் அந்த நோயாளிகளோடு நின்றவர். மாணவியின் பெயர் பெரும்பாலும் மறக்கப்பட்டது.

இந்தக் கதையில் பேசப்படாத இன்னொரு பக்கமும் உண்டு. மாதிரி கொடுத்த பெண்கள் அடைபட்டிருந்தவர்கள். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர்கள் இருந்தார்களா என்று இன்றைய எந்த நெறிமுறைக் குழுவும் கேட்கும். சில ஆண்டுகளில், தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்களை விடுவிக்காமல் காப்பகங்களிலேயே வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றம் போன பிறகுதான் அவர்கள் வெளியே வந்தார்கள். கண்டுபிடிப்பு சரி, அதை எடுத்துக்கொண்ட நிர்வாகத்துக்குத் தெரிந்த முதல் வழி பூட்டுப் போடுவதாக இருந்தது. 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்து, ஆணுறையும் ஆலோசனை மையமும் ஊருக்கு ஊர் போன பின்னர்தான் அந்த மனப்போக்கு மெல்ல மாறியது.

எல்லா நல்ல முடிவும் நிபுணரைக் கேட்டு வந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எம்.ஜி.ஆர் 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டத்தைப் பெரிதாக்கியபோது பொருளாதாரம் தெரிந்த பலர் செலவைக் காட்டி முகம் சுளித்தார்கள். கேட்டிருந்தால் திட்டம் வந்திருக்காது.

கொரோனா காலம் நிபுணருக்கும் அரசுக்கும் இடையிலான ஊடாட்டத்தை வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்தது. 2020-இல் தமிழ்நாடு அரசு அமைத்த மருத்துவ நிபுணர் குழுவில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் பிரப்தீப் கவுர் போன்றவர்கள் இருந்தார்கள். கூட்டம் முடிந்து செய்தியாளர்களிடம் நேரடியாகப் பேசினார்கள். அது நல்ல வழக்கம். ஆனால் ஆலோசனை ஆணையாக மாறும் வழியில் என்ன நடக்கிறது என்பதற்கு அவ்வாண்டின் ஏப்ரல் ஒரு பாடம். ஆள் நெருக்கத்தைக் குறை என்பது அறிவியல். சென்னை, கோவை, மதுரையில் 26-ஆம் தேதி முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று 24-ஆம் தேதி அறிவித்ததும், 25-ஆம் தேதி காய்கறிக் கடைகளில் நகரமே திரண்டது. அடுத்த வாரங்களில் கோயம்பேடு சந்தை மாநிலத்தின் மிகப் பெரிய தொற்று மையமானது. அங்கிருந்து லாரிகளோடும் கூலிக்காரர்களோடும் தொற்று உள் மாவட்டங்களுக்குப் போயிற்று. ஊரடங்கின் அறிவியலில் பிழை இல்லை. ஒரு நாள் அவகாசம் கொடுத்தால் ஜனம் என்ன செய்யும் என்று சொல்லத் தெரிந்தவர், ஒரு கோயம்பேடு மொத்த வியாபாரியோ மார்க்கெட் காவலரோ, அந்த அறையில் இல்லை.

ஜூன் 15-இல் அதே குழு சென்னைக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் கடும் ஊரடங்கைப் பரிந்துரைத்தது; அரசு ஏற்றது. ஜூன் 29-இல் ஊரடங்கை நீட்டிக்கப் பரிந்துரைக்கவில்லை என்று குழுவினர் சொன்னார்கள். அரசு அன்றே ஜூலை இறுதிவரை நீட்டித்தது. இதில் தவறில்லை. முடிவெடுக்கும் உரிமை தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுடையது. ஆனால் எந்தக் காரணத்தால் மாற்றி முடிவெடுத்தோம் என்று எழுத்தில் சொல்லும் பழக்கம் நமக்கு வரவில்லை. பிரிட்டனில் நிபுணர் குழுவின் கூட்டக் குறிப்புகளை அரசு 2020 மே இறுதியிலிருந்து வெளியிடத் தொடங்கியது. அதுவும் வெளியிலிருந்து வந்த நெருக்கடிக்குப் பிறகே. இங்கே நமக்குக் கிடைத்தவை தொலைக்காட்சிப் பேட்டிகள். பின்னாளில் ஆராய வருபவருக்கு அவை போதா.

எண்களுக்கும் ஒரு கதை உண்டு. சென்னையின் கணக்கில் விடுபட்ட 444 மரணங்களை அரசு 2020 ஜூலை 22-இல் சேர்த்தது. அவ்வாண்டு அக்டோபர், நவம்பரில் பொதுச் சுகாதாரத் துறை எடுத்த ரத்த ஆய்வு, மாநிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தொற்று வந்துபோயிருப்பதாகக் காட்டியது. அதாவது இரண்டு கோடிக்கும் மேல். அரசின் அன்றாடப் பட்டியலில் இருந்ததோ ஏழு லட்சத்துச் சொச்சம். துறை தன்னைத்தானே இப்படிச் சோதித்துக்கொண்டதைப் பாராட்ட வேண்டும்.

நிலவேம்பை விட்டுவிட்டு இந்தப் பொருளைப் பேச முடியாது. 2012 டெங்குவின்போது அரசே நிலவேம்புக் குடிநீரைப் பரிந்துரைத்தது. 2017-இல் உரிய ஆய்வு முடியும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தம் ரசிகர்களிடம் சொன்னபோது, அவர் சித்த மருத்துவத்தையே பழித்ததுபோல் சண்டை எழுந்தது. 2020-இல் கபசுரக் குடிநீர் அதே பாதையில் வந்தது. மக்கள் நம்பும் மருந்தை ஆராய்வது அவமதிப்பு அல்ல என்ற சின்ன விஷயத்தைச் சொல்லும் ஆலோசகர் நமக்கு வாய்க்கவில்லை.

அண்மைக்கால நல்ல எடுத்துக்காட்டுகள் இரண்டு. 2020-இல் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் மாநிலம் முழுக்க எடுத்த கணக்கெடுப்பில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது தெரிந்தது. மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட முடியாதவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோனது. அடுத்த கணக்கெடுப்பில் அந்த விழுக்காடுகள் உயர்ந்தன. இன்னும் குறைவுதான், ஆனால் திசை சரி. இரண்டாவது, 2022-இல் வந்த காசநோய் இறப்பில்லாத் திட்டம். எடை மிகக் குறைந்தவரா, மூச்சு வாங்குகிறதா, கால் வீக்கம் உண்டா, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்று சில எளிய கேள்விகளால் ஆபத்தில் இருப்பவரை முதல் நாளே அடையாளம் கண்டு மருத்துவமனையில் சேர்ப்பது. இரண்டிலும் ஆராய்ந்தவர்களும் செய்தவர்களும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாக உட்கார்ந்தவர்கள்.

இளம் ஆய்வாளரின் வாழ்க்கை இதற்கு ஏதுவாக இல்லை. திட்டப்பணி ஒப்பந்தம் முடியும் தேதி அவர் தலைமேல் தொங்குகிறது. ஆங்கில ஆய்விதழில் கட்டுரை வந்தால்தான் அடுத்த வேலை. தலைமைச் செயலகம் வேறொரு காலண்டரில் ஓடுகிறது. அங்கே அறிவியல் இடம்பிடிக்கும் தாள்கள் மானியக் கோரிக்கையின்போது வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பும் அரசாணையும்தான். இந்தத் துறையில் ஆய்வு செய்யும் பலர் ஜாசனாஃபைப் படித்திருக்கிறார்கள். சுகாதாரத் துறையின் பத்தாண்டுக் கொள்கை விளக்கக் குறிப்புகளை வரிசையாக வைத்துப் படித்தவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். அதிகாரிகளும் மாறுகிறார்கள். தொற்று ஏறிக்கொண்டிருந்த 2020 ஜூனிலேயே சுகாதாரச் செயலாளர் மாறினார். உறவை மேலே மட்டும் வைத்திருப்பவர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் யாரோ ஒருவர் கேட்ட கேள்விகள். யாரும் கேட்காதது ஒன்று ஆரணிப் பக்கத்தில் இருக்கிறது. முள்ளிப்பட்டு பட்டு நெசவு ஊர். தறிக்குழியில் காலை இறக்கி, மிதித்துக்கொண்டே, கண்ணை ஜரிகையில் வைத்துக் குனிந்திருப்பது நாளெல்லாம் செய்யும் வேலை. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறும். பாவு புணைப்பவருக்கு விரலும் கண்ணும் போகும்; தார் சுற்றும் பெண்ணுக்குத் தோள். கூலி சேலைக்கு இவ்வளவு என்பதால், முதுகு பிடித்துக்கொண்ட நாளுக்குக் காசு இல்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் 35 லட்சத்துக்கும் மேல். அந்தக் கணக்கு தறியையும் வருமானத்தையும் எண்ணியது. நெசவாளரின் முழங்காலையும் பார்வையையும் நுரையீரலையும் எண்ணுவது அதன் வேலையல்ல.

சட்டமும் இங்கு வருவதில்லை. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம், மின்சாரமின்றி நடக்கும் இடமாக இருந்தால் இருபது தொழிலாளர்கள் வேண்டும் என்றது; 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புத் தொகுப்பு அதை நாற்பதாக்கியது. வீட்டுக் கூடத்தில் ஒரு தறியும் புருஷன் பெண்சாதியும் எந்தக் கணக்கிலும் தொழிற்கூடம் ஆவதில்லை. 2005 முதல் நெசவாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு இருந்தது. காப்பீடு நோய்க்குப் பணம் தரும், எதனால் வந்தது என்று கேட்காது. 2024-இல் வந்த தொழிலாளரைத் தேடி மருத்துவம் வேலையிடத்துக்குப் போய்ச் சோதிக்கிறது. வேலையிடமே வீடாக இருப்பவருக்கு அது எந்த வாசலில் வந்து நிற்கும்?

நெசவாளர்களின் மூட்டுவலி, முதுகுவலி பற்றிச் சிறு ஆய்வுகள் அங்கங்கே வந்திருக்கின்றன. சில நூறு பேரைப் பார்த்து, பெரும்பாலோருக்கு வலி இருக்கிறது என்று முடித்து, இருக்கையை மாற்ற வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பார்கள். குழித்தறியில் இருக்கையை யார் மாற்றுவது? மாஸ்டர் வீவரா, கூட்டுறவுச் சங்கமா, கைத்தறித் துறையா, சுகாதாரத் துறையா? அந்த வரியை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால் அது கட்டுரையிலேயே தங்கிவிடுகிறது.

இதற்குப் புதிய நிறுவனமும் பெரிய நிதியும் தேவைப்படாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கத் தன்னார்வலர் வீடு தேடி வருகிறார். இயன்முறை மருத்துவரும் அதே திட்டத்தில் இருக்கிறார். அவர்களின் படிவத்தில் தறி வேலையா, எத்தனை ஆண்டு, எங்கே வலி, எத்தனை நாள் தறியில் உட்காரவில்லை என்ற சில கேள்விகளைச் சேர்த்து, ஆரணி வட்டாரத்தில் ஓராண்டு கேட்டால் போதும். படிவத்தை எழுதும்போதே கூட்டுறவுச் சங்கத்தின் ஆள் ஒருவரையும் வட்டார மருத்துவ அலுவலரையும் தறி நெய்யும் ஒருவரையும் உட்காரவைக்க வேண்டும். ஒரு முனைவர் பட்டத்துக்கு அது தாராளமாகக் காணும். வருகிற ஆண்டின் மானியக் கோரிக்கைக்கு முன் துறைக்குக் கொடுக்க இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பும் அதிலிருந்தே வந்துவிடும்.